வரியிலிருந்து திரைக்கு: உரைத்தொகுப்பிகளும் அவற்றைக் கற்ற முறைகளும்

எழுத்துகளை உள்ளிடுவதற்கும் திருத்துவதற்கும் சேமிப்பதற்கும் கணினியில் பயன்படும் சிறு நிரலை டெக்ஸ்ட் எடிட்டர் என்றும் உரைத்தொகுப்பி என்றும் வழங்குகின்றனர். எழுத்தின் வடிவம், அளவு, நிறம், பக்க அமைப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் காக்கும் சொற்செயலிகள் போலன்றி, உரைத்தொகுப்பி கோப்பில் எழுத்துகளைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை. நிரல் எழுதுவோர் இன்றளவும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு இவ்வியல்பே காரணம். புதிதாகக் கற்பவருக்கு இத்தகைய நிரலின் கட்டளைகள் காரணமின்றி அடுக்கப்பட்டவை போலத் தோன்றுவதுண்டு. ஆயினும் அவை பிறந்த காலத்துக் கருவிகளின் வேகத்தையும் குறைகளையும் அறிந்தபின், அவற்றில் காரணமற்றது மிகச் சிலவே என்பது தெளிவாகும்.

1960களின் முற்பகுதியில் நிரல்கள் பெரும்பாலும் துளையட்டைகளில் எழுதப்பட்டன. ஓர் அட்டைக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு 80 எழுத்து என்பது பரவலான அளவாதலால், பிழை திருத்துவதென்பது பிழையுள்ள அட்டையை உருவி, புதிதாகத் துளையிட்ட அட்டையை அவ்விடத்தில் செருகுவதாகவே இருந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை வந்தபின், பயனர் முன் டெலிடைப் என்னும் தொலைத்தட்டச்சுக் கருவி வைக்கப்பட்டது. 1963இல் அறிமுகமான டெலிடைப் மாடல் 33, வினாடிக்கு 10 எழுத்துகளைக் காகிதச் சுருளில் அச்சிட்டது. அதற்குத் திரை இல்லை, அச்சான எழுத்தை அழிக்கவும் வழியில்லை. வரிக்கு 40 எழுத்து வீதம் 50 வரிகள் கொண்ட ஒரு சிறு கோப்பை முழுமையாகப் பார்க்க விரும்பியவர் 3 நிமிடங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடிக்குள் உருவானதே, உரையை வரி வரியாகக் கையாளும் வரித்தொகுப்பி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 1965-66 காலப்பகுதியில் க்யூஇடி என்னும் தொகுப்பியை உருவாக்கினர். அங்குப் பயின்ற கென் தாம்சன், பெல் ஆய்வகத்தில் சேர்ந்தபின் அதைப் புதிதாக எழுதி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் தேடல் முறையை அதில் சேர்த்தார். ஒரு சொல்லை உள்ளவாறே தேடாமல், இன்ன எழுத்தில் தொடங்கி இன்ன எழுத்தில் முடியும் எதுவும் என்று அமைப்பைச் சொல்லித் தேடுவதே அம்முறை. 1969இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் வடிவை எழுதியபோது, இயங்குதளத்தின் கரு, கட்டளைகளை வாங்கிச் செயற்படுத்தும் ஷெல், தொகுப்பி, அசெம்ப்ளர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் என்று காலத்தைப் பகுத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கோப்பைத் திருத்த ஒரு கருவி இல்லாமல் இயங்குதளம் தன் காலில் நிற்க முடியாது என்பதை அந்தப் பகுப்பு உணர்த்துகிறது. அவ்வாறு பிறந்த தொகுப்பியின் பெயர் எட்.

எட் ஒரு கோப்பைத் திறந்ததும், அதிலுள்ள எழுத்துகளின் எண்ணிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டுக் கட்டளைக்குக் காத்திருக்கும். ஆங்கில எழுத்தான 'ஏ'யைத் தட்டி எண்டரை அழுத்தினால், அதன்பின் தட்டுவதெல்லாம் உரையாகச் சேரும். தனி வரியில் ஒரு புள்ளியை மட்டும் இட்டால் உள்ளிடுதல் முடியும். 'பி' வரியை அச்சிடும், 'டி' நீக்கும், 'எஸ்' ஒன்றை எடுத்து மற்றொன்றை இடும், 'டபிள்யூ' சேமிக்கும், 'க்யூ' வெளியேறும். மூன்றாம் வரி முதல் ஏழாம் வரி வரை நீக்குவதற்கு '3,7டி' என்ற நான்கே தட்டல்கள் போதும். தவறான கட்டளைக்கு எட் தரும் விடை ஒரு கேள்விக்குறி மட்டுமே. பிற்காலத்தோர் இதைக் கடுமை என்று குறை கூறினாலும், ஒவ்வோர் எழுத்தும் நேரத்தை விழுங்கிய அக்கருவியில் சுருக்கமே பயனருக்குச் செய்த உதவி.

இத்தகைய நிரலை ஆசிரியரின்றிக் கற்பிக்கும் பொறுப்பைக் கையேடுகள் ஏற்றன. பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகன் எட் தொகுப்பிக்கு எழுதிய தொடக்கநிலைப் பாடம் 1970களில் யூனிக்ஸ் ஆவணங்களோடு வழங்கப்பட்டது. எல்லாக் கட்டளைகளையும் அட்டவணையிட்டுக் காட்டாமல், ஒரு கோப்பை உருவாக்குவது, சேமிப்பது, மீண்டும் திறப்பது, திருத்துவது என்னும் வேலையின் வரிசையையே அது பாடத்தின் வரிசையாக்கி, இடையிடையே பயிற்சிகளையும் வைத்தது. முடிவுப் புள்ளியை இட மறந்தவரின் கட்டளைகளும் உரையாகவே எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும், தேர்ந்தவர்களும் அதை மறப்பதுண்டு என்பதையும் அது வெளிப்படையாகச் சொன்னது. தொடங்குவோர் தடுமாறும் இடத்தை முன்கூட்டியே அறிந்து எழுதிய அந்தப் பரிவு, பின்வந்த கணினிக் கையேடுகளுக்கு நல்ல முன்மாதிரி.

காகிதத்தின் இடத்தைத் திரை பிடித்தபோது கேள்வி மாறியது. லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் கூலூரிஸ், எட் தொகுப்பியைத் திரைமுனையத்துக்கு ஏற்பத் திருத்தி எம் என்னும் வடிவை உருவாக்கி, 1976இல் பெர்க்லிக்குச் சென்றபோது அதை அங்குள்ளோருக்குக் காட்டினார். அதிலிருந்து ஊக்கம் பெற்ற பில் ஜாய், சக் ஹேலியுடன் சேர்ந்து எக்ஸ் என்னும் வரித்தொகுப்பியை வளர்த்தார். அதன் திரைவடிவமே பின்னர் விஐ என்னும் பெயரில் பரவியது. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின் மேலேயே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் விஐ பயில்வோர் கர்சரை நகர்த்த அந்நான்கு விசைகளையே முதலில் பழகுகின்றனர். வீட்டிலிருந்து அவர் வேலை செய்த 300 பாட் இணைப்பு, வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளையே கடத்தியதால், 24 வரியும் 80 நெடுவரிசையும் கொண்ட திரையை நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஆகவே குறைந்த தட்டலில் நிறைந்த வேலை என்பதே அதன் நெறியாயிற்று: நீக்குவதற்கு 'டி', அடுத்த சொல் வரை செல்ல 'டபிள்யூ', இரண்டையும் சேர்த்தால் ஒரு சொல் நீங்கும்.

இச்சிக்கனத்துக்குத் தொடங்குவோர் ஒரு விலை கொடுத்தனர். விஐ தொகுப்பியில் ஒரே விசை, கட்டளை நிலையில் ஒரு பொருளும் உள்ளிடும் நிலையில் வேறொரு பொருளும் தரும். இவ்வாறு நிலை மாறும் அமைப்பை எதிர்த்து நின்றவர்களுள் முதன்மையானவர் லாரி டெஸ்லர். கலிபோர்னியாவிலிருந்த ஜெராக்ஸ் பார்க் ஆய்வு மையத்தில், கின் என்னும் பாடநூல் பதிப்பகத்துக்காக டிம் மாட்டுடன் சேர்ந்து 1970களின் நடுவில் அவர் உருவாக்கிய ஜிப்சியில், தட்டினால் எழுத்து விழும் என்பதே எப்போதும் பொருந்தும் விதி. திருத்த வேண்டிய பகுதியைச் சுட்டியால் தெரிவுசெய்து வெட்டவும் ஒட்டவும் முடிந்தது. நிரலாளர் அல்லாத பதிப்பாசிரியர்களின் வேலைமுறையை நேரில் கவனித்து அமைத்ததால்தான் ஜிப்சி அவர்கள் கைக்கு எளிதாயிற்று. 1980இல் டெஸ்லர் ஆப்பிளுக்குச் சென்றபின் லிசா, மக்கின்டோஷ் கணினிகள் வழியாக எக்ஸ், சி, வி விசைகள் வெட்டல், நகலெடுத்தல், ஒட்டல் ஆகியவற்றுக்கு உரியவையாக நிலைத்தன.

1985இல் விண்டோஸ் முதற்பதிப்போடு வந்த நோட்பேடில் கட்டளைகள் மெனுப் பட்டியலில் கண்முன் இருந்தமையால், மனப்பாடம் செய்யும் சுமை பெரிதும் குறைந்தது. முனையத்திலேயே வேலை செய்வோருக்கு இதே உதவியைத் தந்தது, 1999இல் கிறிஸ் அல்லெக்ரெட்டா தொடங்கிய நானோ. சேமிக்க, தேட, வெளியேற உரிய விசைகளைத் திரையின் அடியில் இரண்டு வரிகளில் அது எப்போதும் காட்டுகிறது. விஐ மரபோ வேறொரு வழியைக் கண்டது. 1991இல் பிராம் மூலினார் வெளியிட்ட விம் தொகுப்பியுடன் பின்னர் இணைந்த விம்டியூட்டர், பாடத்தையே திருத்தத்தக்க ஒரு கோப்பாகத் தந்து, கற்பவர் அதன் நகலைத் திருத்தியே அரைமணி அளவில் அடிப்படைகளைப் பழகச் செய்தது.

பழைய கருவிகளின் அடையாளம் கோப்புகளுக்குள்ளும் தங்கியது. டெலிடைப்பில் அச்சுத்தலையை இடப்புறம் கொணர ஒரு குறியும், காகிதத்தை ஒரு வரி உயர்த்த மற்றொரு குறியும் தேவைப்பட்டன. விண்டோஸ் இரண்டையும் காத்துக்கொள்ள, யூனிக்ஸ் ஒன்றையே ஏற்றது. யூனிக்ஸில் எழுதிய கோப்பு நோட்பேடில் ஒரே நீண்ட வரியாகத் தெரிந்த குறை, 2018இல்தான் நீக்கப்பட்டது.

தமிழில் எழுதுவோரை இவ்வரலாறு நேரடியாகத் தொடும் இடமும் உண்டு. 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றன; ஆனால் எண்களாக வரையறுக்கப்பட்ட அவ்வெழுத்துகளைக் கோப்பில் எவ்வாறு வைப்பது என்பது தனிச் சிக்கல். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் ராப் பைக்குடன் அமர்ந்து, அதற்கான யுடிஎஃப்-8 முறையை வகுத்தவர், எட் எழுதிய அதே கென் தாம்சன். அம்முறையில் 'க' மூன்று பைட்டுகளில் அமைகிறது. 'கொ' எழுத்தோ அகரமேறிய மெய்யும் ஒகரக் குறியும் சேர்ந்து ஆறு பைட்டுகளைப் பெறுகிறது. விண்டோஸ் 2000 காலம் முதல் நோட்பேடில் யுடிஎஃப்-8 வசதி இருந்தபோதிலும், தானாக அமைந்த தேர்வு அன்சி என்னும் பழைய குறியேற்றமே. அதைக் கவனியாது சேமித்தவரின் தமிழ் உரை, திரும்பத் திறக்கும்போது கேள்விக்குறிகளின் வரிசையாகியது. 2019இல் யுடிஎஃப்-8 இயல்புத் தேர்வானதும் அந்த இடர் நீங்கியது.

எட் முதல் நோட்பேடு வரை கட்டளைகளின் உருவம் பலமுறை மாறினாலும், அவை செய்யும் வேலை மாறவில்லை: இடத்தைக் குறிப்பது, சேர்ப்பது, நீக்குவது, தேடுவது, ஒன்றுக்கு ஒன்று மாற்றுவது, சேமிப்பது. மாறியது, இவற்றை யார் நினைவில் வைப்பது, பயனரா திரையா என்பதே. ஆகவே ஒரு தொகுப்பியைக் கற்கத் தொடங்குபவர், விசைகளின் பட்டியலை உருப்போடுவதற்கு முன், இந்த ஆறு வேலைகளும் அதில் எங்கெங்கே அமைந்துள்ளன என்று தேடிப் பழகுவதே பயனுள்ளது. தமிழில் எழுதுபவர் அவற்றோடு கோப்பின் குறியேற்றத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு ஒன்றை முறையாகக் கற்றவருக்கு அடுத்த தொகுப்பி ஒருநாளும் அந்நியமாவதில்லை.