சானமாவுக் காட்டின் இருளும் கண்ணாடியில் எழுந்த ஆவியும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில், தொழிற்சாலைப் பேருந்துகளின் நெரிசல் சற்றுத் தணிந்த பிறகு வரும் காடு சானமாவு. காடு என்றதும் அடர்ந்த சோலையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். உலர்ந்த புதரும் பாறையும் நடுத்தர உயர மரங்களும் கொண்ட காப்புக்காடு அது. ஒருபுறம் கேழ்வரகு வயல்கள், மறுபுறம் சிப்காட்டின் விளக்கொளி. ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக்கூட்டங்கள் இங்கே வந்து முகாமிடுகின்றன. இரவானால் வயலில் பரண் மேல் ஒருவர் விழித்திருப்பார். கையில் டார்ச், பக்கத்தில் பட்டாசு. பரணில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: யானை எந்தத் திசையில் நிற்கிறது, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, தன்னை நோக்கி வருகிறதா.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்று ஆங்கிலத்திலும் மிகை மெய்ம்மை என்று தமிழிலும் வழங்கும் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சானமாவுப் பரண் நினைவுக்கு வருகிறது. தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கருவிகளும் இதே கேள்விகளைத்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கூடுதலாக ஒன்று உண்டு. கண்டறிந்ததை, பார்ப்பவரின் பார்வையைத் திருப்பாமல், கண் முன்னே இருக்கும் உலகின் மீதே எழுதிக் காட்ட வேண்டும்.

உலகின் மீது எழுதும் கலை நாடக மேடையில் தொடங்கியது. 1862ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லண்டன் ராயல் பாலிடெக்னிக் நிலையத்தில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் டிக்கன்ஸின் பேய்க்கதை ஒன்றை மேடையேற்றினார். மேடைக்கு முன்னால் சாய்த்து நிறுத்திய பெரிய கண்ணாடித் தகடு. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் ஒரு நடிகர். அவர் மேல் பலத்த வெளிச்சம். கண்ணாடி வழியாக மேடையும் தெரியும், கண்ணாடியில் பள்ளத்து நடிகரின் பிம்பமும் தெரியும். இரண்டும் கலந்து, நடமாடும் மனிதர்களிடையே ஓர் ஆவி உலவியது. இந்த உத்தியை முதலில் எண்ணியவர் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர். பெயர் என்னவோ பெப்பருக்குத்தான் நிலைத்தது.

நம் ஊரில் பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். பெப்பரின் ஆவிக்கும் அதே குறைதான். கண்ணாடி வழியாக வரும் உலகத்தின் ஒளியோடு பிம்பத்தின் ஒளியைக் கூட்ட முடியுமே தவிர, உலகத்தின் ஒளியைக் கழிக்க முடியாது. ஆகவே கருமையை வரைய முடியாது, நிழலை வரைய முடியாது. நிழல் விழாத பொருள் தரையில் நிற்பதாக நம் கண் ஒப்புக்கொள்வதில்லை, அது மிதக்கிறது. இன்றைய ஊடுருவிப் பார்க்கும் கண்ணாடிகளும் 160 ஆண்டுக்கால இந்தச் சிக்கலிலிருந்து முழுதாக விடுபடவில்லை.

அடுத்த பெரிய அடி 1900இல் டப்ளினில் எடுத்து வைக்கப்பட்டது. தொலைநோக்கிகள் செய்வதில் பேர்பெற்ற ஹோவர்ட் கிரப், துப்பாக்கிக் குறிகாட்டி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரணக் குறிகாட்டியில் கண் மூன்று இடங்களில் ஒரே நேரம் குவிய வேண்டும்: பின்குறி, முன்குறி, இலக்கு. அது இயலாத காரியம். கிரப் ஒளிரும் குறி ஒன்றின் கதிர்களை வில்லையால் இணைகதிர்களாக்கிச் சாய்ந்த கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்தார். இணைகதிர் என்றால், கண்ணைப் பொறுத்தவரை அது முடிவிலாத் தொலைவிலிருந்து வருவது. குறி கண்ணாடியில் இல்லை, தொடுவானத்தில் இருக்கிறது. தலையைச் சற்று அசைத்தாலும் குறி இலக்கை விட்டு நகராது. பெப்பரின் ஆவிக்கு இவ்வாறாக ஒரு விலாசம் கிடைத்தது.

போர் விமானங்கள் இதை எடுத்துக்கொண்டது இயல்பே. முதல் உலகப் போரின் இறுதியில் ஜெர்மன் விமானங்களில் ஏறி, 1950களின் கடைசியில் பிரிட்டனின் பக்கனீர் விமானத்தில் முழுமையான முகப்புக் காட்சித் திரையாக வளர்ந்தது. சானமாவிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பெங்களூரில் 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸ் விமானத்துக்கான முகப்புத் திரையைச் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. விமானியின் தலைக்கவசத் திரையோ இஸ்ரேலிலிருந்து வந்தது. இந்த வேறுபாட்டில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. விமானத்தில் பொருத்திய கண்ணாடி விமானத்தோடு திரும்பும். தலையில் பொருத்திய கண்ணாடிக்கு, தலை எங்கே திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு கணமும் தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கஷ்டத்தை நேருக்கு நேர் சந்தித்தவர் ஐவன் சதர்லாண்ட். ஹார்வர்டில் மாணவர் பாப் ஸ்ப்ரௌல் முதலியோருடன் அவர் கட்டிய தலைத்திரை பற்றிய கட்டுரை 1968இல் வெளிவந்தது. இரு கண்களுக்கும் ஒவ்வொரு சிறு கதிர்க்குழாய், பாதி வெள்ளி பூசிய கண்ணாடி, அறையின் நடுவே கோடுகளால் ஆன கனசதுரம். படத்தை வரைவதைவிடத் தலையைத் தேடுவதுதான் அவர்களைப் பாடுபடுத்தியிருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகளை முயன்றார்கள். ஒன்று, கூரையிலிருந்து தொங்கிய உலோகத் தண்டு; அது தலையோடு சேர்ந்து நீண்டு, திரும்பி, மூட்டுகளின் கோணத்தைக் கணிப்பொறிக்குச் சொல்லும். தலைக்கு மேல் தொங்கிய அதற்கு கிரேக்கக் கதையின் டாமக்ளீஸ் வாள் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று மீயொலி. தலையில் மூன்று ஒலிபரப்பிகள், கூரையில் நான்கு ஏற்பிகள். தலைக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போயின.

பிழைகள் சேர்ந்துகொண்டே போவது. இதைப் படித்தபோது என் மனம் சட்டென்று 1802ஆம் ஆண்டின் சென்னைக்குத் தாவியது. அவ்வாண்டு ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அங்கிருந்து குன்றுக்குக் குன்று கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு பெங்களூர் நோக்கி மேற்கே நகர்ந்தார். லண்டன் கேரி செய்த அரை டன் எடையுள்ள தியோடலைட் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, பின்பு பெருந்தன்மையோடு அனுப்பிவைக்கப்பட்டு வந்து சேர்ந்திருந்தது. (இதே கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியதும், லாம்டன் அறைக்குள் அடைந்துகொண்டு வாரக்கணக்கில் அதைத் தட்டிச் சீராக்கியதும் தனியே எழுத வேண்டிய கதை.)

ஒவ்வொரு கோணத்திலும் இம்மியளவு பிழை இருக்கும். முக்கோணங்கள் கூடக் கூட அது பெருகும். ஆகவே 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைச் சங்கிலியால் நேரடியாக அளந்தார்கள். சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் இடையே ஏழு மைலில் நான்கு அங்குலம்கூட வேறுபாடில்லை.

இன்றைய தலைக்கருவி செய்வதும் இதேதான் என்று சொன்னால் பொறியாளர்கள் என்னைக் கோபிக்க மாட்டார்கள் என நம்புகிறேன். அதனுள் இருக்கும் முடுக்கமானியும் சுழல்மானியும் தலையின் அசைவை நொடிக்குப் பல நூறு முறை சொல்கின்றன. ஆனால் அவற்றின் பிழை விநாடிக்கு விநாடி பெருகும். கேமராக்கள் சுவரின் மூலை, மேசை விளிம்பு, படச்சட்டம் போன்ற அசையாப் புள்ளிகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் நோக்கிய கோணத்தை வைத்துத் தன் இருப்பைக் கணக்கிடுகின்றன. ஏற்கெனவே கண்ட இடத்துக்குத் திரும்பி வரும்போது கணக்கும் காட்சியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து அதுவரை சேர்ந்த பிழையைக் கழித்துவிடுகின்றன. இது பெங்களூர் அடிக்கோடு அல்லாமல் வேறென்ன? லாம்டன் ஆண்டுக்கணக்கில் செய்ததை இவை கண் இமைப்பதற்குள் செய்கின்றன. ஏறத்தாழ 20 மில்லிநொடிக்கு மேல் தாமதித்தால் பிம்பம் உலகை விட்டு வழுக்கும், தலை சுற்றும், சிலருக்குக் குமட்டும்.

ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயர் பிறந்தது விளையாட்டுக்காக அல்ல என்பது பலரும் அறியாதது. 1990இல் போயிங் நிறுவனத்தின் டாம் காடெல் அதைப் பயன்படுத்தினார். விமானத்துக்குள் ஓடும் கம்பிக் கற்றைகளை நீண்ட பலகைகளின் மேல் முளையடித்துத் தொழிலாளர்கள் கட்டுவார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பலகை. காடெலும் டேவிட் மிசலும் முன்வைத்த யோசனை எளியது: வெறும் பலகையின் மேல், கம்பி செல்ல வேண்டிய தடத்தைத் தொழிலாளியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வரைந்து காட்டுவது. இத்துறையின் பெயரே ஒரு தொழிலாளியின் கையைக் கருதிப் பிறந்தது.

இதை ஓசூர்க்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், அன்றைய தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை அழைத்துவந்து கடிகாரம் கோக்கக் கற்றுக்கொடுத்தது. மில்லிமீட்டருக்கும் குறைந்த உறுப்புகளை இடுக்கியால் எடுத்து வைக்கும் அந்தப் பழக்கம் எந்தத் திரையிலும் எழுதிக் காட்டப்பட்டதல்ல. விரலுக்கு விரல் கைமாறியது. அதே டைட்டன் 2022இல் ஒரு 'ஸ்மார்ட்' மூக்குக்கண்ணாடியை வெளியிட்டது. காதருகே ஒலிக்கும், நடந்த அடிகளை எண்ணும். கண் முன்னே எதையும் காட்டாது.

சில ஆண்டுகளுக்கு முன், சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நண்பர் தயவில் ஒரு தலைக்கருவியை நான் அணிந்து பார்த்தேன். பச்சை அம்பு ஒன்று அடுத்து முடுக்க வேண்டிய திருகைக் காட்டியது. சன்னல் வழியே வெயில் விழுந்த இடத்தில் அம்பு மங்கி மறைந்தது. பளபளத்த தகட்டின் அருகே விரற்கடை தூரம் விலகி நின்றது. பக்கத்து மேசையில் இருபது ஆண்டு அனுபவம் கொண்ட அம்மா ஒருவர் சிரித்துவிட்டு, பார்க்காமலே சரியான துளையில் திருகை வைத்தார். அந்தக் கருவிகள் இப்போது அங்கே பயன்பாட்டில் இல்லை என்று நண்பர் சொன்னார்.

குறை அம்புடையது மட்டுமன்று. மெல்லிய கண்ணாடித் தகட்டின் விளிம்பில் ஒளியைச் செலுத்தி, முழு அகப் பிரதிபலிப்பால் உள்ளேயே துள்ள வைத்து, கண்ணுக்கு நேரே நுண்வரிகள் வழியாகக் கசியவிடும் அலைவழிகாட்டி முறையில், புறப்பட்ட ஒளியில் மிகச் சிறு பங்கே கண்ணை வந்தடைகிறது. தமிழ்நாட்டு நடுப்பகல் வெயிலோடு அது போட்டியிட முடியாது. பளபளப்பான பரப்பிலோ கேமரா பற்றிக்கொள்ள அசையாப் புள்ளி கிடைக்காது. 2016இல் வந்த மைக்ரோசாப்டின் ஹோலோலென்ஸ் இந்த வழியில் சென்றது; 2024இல் அதன் அடுத்த பதிப்பின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. அதே 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிளின் விஷன் புரோ கண்ணாடியை ஊடுருவிப் பார்ப்பதையே கைவிட்டது. வெளிநோக்கிய கேமராக்கள் உலகைப் படம் பிடிக்க, 2.3 கோடி படப்புள்ளிகள் கொண்ட இரு நுண்திரைகளில் நாம் பார்ப்பது அந்தப் படத்தை. அங்கே நிழலை வரையலாம், ஆவியின் கால் தரையில் பாவும். விலை, நாம் உலகை நேராகப் பார்ப்பதில்லை என்பது. (ரூபாய்க் கணக்கில் விலை வேறு: வெளிவந்தபோது 3499 டாலர்.)

மீண்டும் சானமாவுக்கு வருகிறேன். அறைக்குள் வளர்ந்த இந்தக் கருவிகளுக்கு அக்காடு எல்லா வகையிலும் பகை. இருள், காற்றில் ஆடும் இலைகள், அசையாப் புள்ளி என்று நம்ப ஏதுமில்லை. அங்கே உதவுவது வேறொரு கண். லாம்டன் பெங்களூரில் தம் முதல் சோதனை அடிக்கோட்டை அளந்த அதே 1800இல், இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய நிறமாலையின் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் வெப்பமானி ஏறுவதைக் கண்டார். அந்த அகச்சிவப்பின் வழியில் வந்தவைதான் வெப்பக் கேமராக்கள். கோவை மதுக்கரையில் ரயில் பாதையை யானைகள் கடப்பதை முன்கூட்டியே அறிய, கோபுரங்களில் வெப்பக் கேமராக்கள் பொருத்திய அமைப்பு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஓசூர்ப் பகுதியிலும் முகாமிடும் கூட்டங்களை வனத்துறையினர் டிரோன் கொண்டு தேடுகிறார்கள். வெப்பக் கேமராவில் குளிர்ந்த புதர்களிடையே யானைகள் வெளிறிய திட்டுகளாய்த் தெரியும். குட்டி எங்கே நிற்கிறது என்பதுகூடத் தெரியும்.

ஆனால் அந்தப் படம் விழும் திரை இயக்குபவரின் கையில் இருக்கிறது. யானை எங்கே என்று அறிய அவர் குனிய வேண்டும். நிமிர்ந்தால், திரையின் வெளிச்சத்தில் கூசிய கண் மறுபடி இருளுக்குப் பழக அரைமணி நேரம்வரை ஆகும். திரையில் இடப்புறம் தெரிந்த திட்டு தனக்கு எந்தப் பக்கம் என்பதையும் அவரே மனத்துக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் தீர்க்கும் வழி 1900இல் டப்ளினிலும் 1968இல் ஹார்வர்டிலும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பரணில் இருப்பவரிடம் இன்னும் டார்ச்தான் இருக்கிறது.