எண்ணப்பட்டோரும் வாக்களியாதோரும்: 1960 மார்ச்சுத் தேர்தலும் மலையகமும்

இலங்கையின் அரசியல் வரலாற்றை எழுதுவோர் 1956ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பல பக்கங்களை ஒதுக்குவர். 1960 யூலைத் தேர்தலையும், அது உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்தது என்ற காரணத்தால், விரித்துரைப்பர். இவ்விரண்டிற்கும் இடையே 1960 மார்ச் 19இல் நடைபெற்ற தேர்தலை ஓரிரு வாக்கியங்களில் கடந்து செல்வதே வழக்கமாயிற்று. ஒரு மாதமே நிலைத்த அரசாங்கத்தைத் தந்த தேர்தல் என்பதனால் இவ்வலட்சியம் நேர்ந்திருக்கலாம். ஆயின் நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் வாக்குரிமை வரலாற்றை ஆராய்வோர்க்கு அந்த ஒரு மாதம் ஊன்றி நோக்கற்பாலது.

இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் 95 தொகுதி ஆசனங்களுள் 42 மட்டுமே ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தன. அதற்கு எதிரான மாற்று அரசாங்கமொன்றை அமைக்கும் நோக்குடன் கொழும்பில் எச். ஸ்ரீ நிசங்கவின் ‘யமுனா’ இல்லத்திற் கூடிய எதிரணியினர் ஒற்றுமை காணாது கலைந்தனர். அப்பாராளுமன்றத்தில் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் இடம்பெற்றிருந்தனர். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம் என்போரே அவர்கள். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்க்குத் துணைநின்றன. இழுபறியான ஒரு சபையில் இவ்வாக்குகளின் பெறுமதி யாது என்பதை டி. எஸ். சேனாநாயக்கா நன்குணர்ந்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவ்வுணர்வின் விளைவுகள் எனக் கொள்வதிலே தவறில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை.

வாக்குப் பறிபோயிற்று, ஆயினும் தலைக்கணக்குப் பறிபோகவில்லை. இவ்வுண்மையே 1960ஐ விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும். 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைல் பரப்புக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் என்ற அடிப்படையில் தொகுதிகள் வகுக்கப்பட்டன. 1959ஆம் ஆண்டு எல்லை மீள்நிர்ணயத்தின் வழி, தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151ஆக உயர்ந்தது. அவ்வேளையிற் கணக்கிடப்பட்டோர் வாக்காளரோ பிரசைகளோ அல்லர். மக்கள் அனைவருமே கணக்கிடப்பட்டனர். 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலிருந்த இந்தியத் தமிழர் ஏறத்தாழ 9,74,000 பேர். 75,000 என்ற அளவால் இதனை வகுப்பின் 13 ஆசனங்கள் வரும். அவர்களிற் சிலர் பிரசாவுரிமை பெற்றிருந்தனர், எல்லோரும் மலைநாட்டில் வாழ்ந்தவருமல்லர் என்பது உண்மையே. எனினும் லயங்களில் வாழ்ந்தோரின் தலைகள் எண்ணப்பட்டு, அவற்றாற் கிடைத்த ஆசனங்கள் அயற்கிராமங்களின் வாக்காளராலே நிரப்பப்பட்டன என்பதிற் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. கண்டிப் பிரதேசச் சிங்கள வாக்காளர் தம் தொகைக்கு மிஞ்சிய பிரதிநிதித்துவத்தைப் பெற்றது இவ்வாறே.

இத்தகைய சபையில் மார்ச்சுத் தேர்தல் தந்த முடிவு வருமாறு: டட்லி சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சி 50, சி. பி. டி சில்வா தலைமையிலான ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 46. தமிழரசுக் கட்சி 15. சமசமாஜக் கட்சியும் பிலிப் குணவர்த்தனாவின் மக்கள் ஐக்கிய முன்னணியும் பத்துப் பத்து. எஞ்சியவை சிறு கட்சிகளுக்கும் சுயேச்சையாளர்க்கும் உரியன. நியமன உறுப்பினர் அறுவரையும் சேர்த்தால் சபையில் 157 பேர். பெரும்பான்மைக்கு 79 பேர் தேவை. இரு பெருங் கட்சிகளுக்குமிடையே இருந்த வேறுபாடு நான்கு ஆசனங்களே. வாக்கற்ற மக்களின் தலைக்கணக்காற் பிறந்த ஆசனங்கள் அதனினும் பல மடங்காகும்.

மார்ச் 21இல் டட்லி சேனாநாயக்கா பதவியேற்றார். தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம் இரு தரப்பினர் முன்னிலையிலும் நான்கு கோரிக்கைகளை வைத்தார். பிரதேச சுயாட்சி, தமிழ்மொழியின் நிலை, தமிழ்ப் பகுதிகளில் அரச உதவியுடனான குடியேற்றத்தை நிறுத்துதல் என்பவற்றோடு பிரசாவுரிமைச் சட்டத்தைத் திருத்துதலும் அவற்றுள் ஒன்றாயிற்று. வடகிழக்கு வாக்காளரால் தெரிவு செய்யப்பட்ட கட்சியொன்று, தனக்கு வாக்களிக்க இயலாத மக்களின் உரிமையை ஆட்சியமைப்பதற்கான நிபந்தனையாக முன்வைத்தது. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசின் தலைமையோடு முரண்பட்டார் என்பதை நினைவிற் கொண்டால் இது வியப்பன்று.

டட்லி அக்கோரிக்கைகளை ஏற்கவில்லை. சபாநாயகர் தெரிவிலேயே அரசாங்கம் தோற்றது. எதிரணி முன்னிறுத்திய ரி. பி. சுபசிங்க வெற்றி பெற்றார். ஏப்ரில் 22இல் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் 86க்கு 61 என்ற வாக்குகளால் அரசாங்கம் வீழ்ந்தது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி தம் கோரிக்கைகளுக்கு இணங்கியிருந்தது என்பது தமிழரசுக் கட்சியினரின் கூற்று. ஆதலின் மாற்று அரசாங்கமொன்று அமையலாம் என்ற எதிர்பார்ப்பு நிலவிற்று. ஆயினும் மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க, தோல்வியுற்ற பிரதமரின் ஆலோசனைப்படி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அரசியலமைப்பு மரபின்படி அவர் செய்தது சரியா என்ற வினா இன்றும் வாதத்திற்குரியது. ஒரு மாதமேயான சபையில், எதிரணித் தலைவரை அழைத்துப் பார்க்காமலே கலைத்தமை பொருத்தமற்றது என்பது இக்கட்டுரையாசிரியரின் எண்ணம்.

யூலை 20இல் நடந்த மறுதேர்தலில், எதிரணியினர் தமிழரசுக் கட்சியுடன் இரகசிய உடன்பாடு செய்துள்ளனர் என்பதே ஐக்கிய தேசியக் கட்சியின் முதன்மைப் பிரசாரமாயிற்று. அக்கட்சி 37 சதவீதத்திற்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் 30 ஆசனங்களையே வென்றது. சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகளோடு போட்டி தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்த ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 34 சதவீதத்திற்குக் குறைந்த வாக்குகளோடு 75 ஆசனங்களைப் பெற்றது. நியமன உறுப்பினர் அறுவரையும் சேர்க்க 81 ஆயிற்று. தமிழரசுக் கட்சி 16 ஆசனங்களை வென்றும் அதன் ஆதரவு எவர்க்கும் தேவைப்படவில்லை.

அந்த அறுவருள் ஒருவர் தொண்டமான் ஆவார். வாக்குரிமைக்கு மாற்றாக நியமன ஆசனமொன்று கிடைத்தது. ஆனால் அவ்வாசனம் மலைநாட்டு மக்கள் தந்ததன்று, அரசாங்கம் தந்தது. அரசாங்கத்தின் பெரும்பான்மையை உறுதிப்படுத்தியவற்றுள் அதுவும் ஒன்று. தொண்டமானைக் குறைகூறுவது எளிது. சபையினுள் ஒரு குரலேனும் ஒலித்தல் நன்று என அவர் கருதியிருத்தல் கூடும். அத்தெரிவைத் தவிர அவர் முன் இருந்தது வெறுமையே.

1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்பாட்டையொட்டிப் பிரசாவுரிமைச் சட்டத் திருத்தம் விரைவில் ஆராயப்படும் எனக் கூறப்பட்டது. 1960 மார்ச்சில் அது நிபந்தனையாக வளர்ந்தது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் தீர்க்கவென ஒதுக்கிற்று. 1965 மார்ச்சில் மீண்டும் எக்கட்சிக்கும் பெரும்பான்மையற்ற சபை அமைந்தபோது செய்யப்பட்ட டட்லி–செல்வநாயகம் உடன்பாட்டில் பிரசாவுரிமை பற்றிய வாசகம் எதுவும் இடம்பெறவில்லை. தொண்டமான் இம்முறை ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்தின் நியமன உறுப்பினரானார். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு நியமன ஆசனங்களையும் நீக்கிற்று. 1977 யூலையில், மூன்று உறுப்பினர்க்குரிய நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்கா, அநுர பண்டாரநாயக்கா ஆகியோரை அடுத்து மூன்றாமவராகத் தொண்டமான் தெரிவானார். தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் அவர் சபைக்குச் சென்றது, 1947க்குப் பின்னர் அதுவே முதன்முறை.