எரிக்காத கரியின் ஊதியம்

வாணிகம் செய்வோர் தம் இலாபத்தைப் பெருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வரவைப் பெருக்குவது. மற்றொன்று செலவைச் சுருக்குவது. முதல் வழி எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாவது வழி அவ்வளவு எளிதில் படுவதில்லை. அதிலும் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் வரும் ஆதாயம் மிகவும் மறைவானது. எரித்த கரியின் விலையைப் பேரேட்டில் எழுதிவிடலாம். எரிக்காமல் மிச்சப்பட்ட கரிக்கு எவ்வாறு விலை மதிப்பது? அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? இந்த வினாவுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்னரே சிலர் விடை காண முயன்றனர். மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படக்கூடிய அந்த வரலாற்றை இன்று ஆராய்வோம்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கார்ன்வால். அங்கே வெள்ளீயமும் செம்பும் நிலத்தடியில் நிரம்பக் கிடைத்தன. மேற்பரப்பில் இருந்த கனிமம் தீரத் தீரச் சுரங்கங்கள் ஆழமாயின. ஆழம் மிகுந்தபோது ஊற்றுநீரும் மிகுந்தது. நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். இறைப்பு நின்றால் அடியில் உள்ள செல்வமும், அதை நம்பி வாழும் குடும்பங்களின் பிழைப்பும் நீரில் மூழ்கிவிடும்.

நீர் இறைப்பதற்கு ஓர் எந்திரம் அப்போது இருந்தது. தாமஸ் நியூகோமென் என்பவர் 1712ஆம் ஆண்டில் டட்லி கோட்டைக்கு அருகில் நிறுவிய நீராவி எந்திரமே அது. அதன் உருளைக்குள் நீராவியை நிரப்புவர். பிறகு அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீச்சுவர். ஆவி நீராகச் சுருங்கி உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியில் உள்ள காற்றின் அழுத்தம் உந்துதண்டைக் கீழே தள்ளும். இந்த அசைவு நீர் இறைக்கும் குழாயை இயக்கும். கருத்து நல்லதுதான். ஆயினும் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்துவிடும்; அடுத்த முறை வரும் ஆவியில் பெரும்பகுதி அந்த உருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே வீணாகிவிடும்.

நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தக் குறையை எவரும் பொருட்படுத்தவில்லை. விற்பனைக்கு உதவாத தூள்கரி சுரங்க வாயிலிலேயே குவிந்து கிடந்தது. அதை எரித்தால் என்ன, எரிக்காவிட்டால் என்ன? கார்ன்வாலின் நிலை வேறு. அங்கே நிலக்கரி கிடையாது. தெற்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். துறைமுகத்திலிருந்து மேட்டுநிலத்துக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். சுரங்க எந்திரங்களுக்கான கரியின்மீது விதித்த வரியை 1741இல் பாராளுமன்றமே தள்ளிக்கொடுத்தது. ஆனால் விலையைச் சற்றுக் குறைப்பதால் மட்டும் துன்பம் தீரவில்லை. ஒரே எந்திரம் ஓரிடத்தில் சிக்கனமாகவும் மற்றோரிடத்தில் ஊதாரியாகவும் தோன்றுவதை இங்கே காண்கிறோம். எரிபொருளின் விலையே அதைத் தீர்மானிக்கிறது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பழுதுபார்த்து வந்தவர் ஜேம்ஸ் வாட். அங்கிருந்த நியூகோமென் எந்திரத்தின் சிறிய மாதிரி உரு ஒன்றை அவர் 1763இல் செப்பனிட நேர்ந்தது. அது ஏன் இவ்வளவு ஆவியை விழுங்குகிறது என்று ஆராய்ந்தார். 1765இல் வழி புலப்பட்டது. ஆவியை உருளைக்குள்ளே குளிர்விக்காமல், அதனோடு இணைந்த வேறொரு கலத்தில் குளிர்வித்தால் என்ன? உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். 1769இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கண்டுபிடிப்பு கடைக்கு வருவதற்குப் பொருள் வேண்டும். முதலில் துணைநின்ற ஜான் ரோபக் 1773இல் நொடித்துப் போனார். பர்மிங்காமில் சோஹோ தொழிற்சாலையை நடத்திய மேத்யூ போல்டன் அவருடைய பங்கை ஏற்றார். 1775இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தின் வழியாகக் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. ஜான் வில்கின்சன் என்பவர் பீரங்கி குடைவதற்கு அமைத்த முறை, துல்லியமான உருளைகளைக் கடைந்து தர உதவியது.

இனித்தான் நம் பொருளுக்கு வருகிறோம். புதிய எந்திரம் விலை மிகுந்தது. சுரங்க உரிமையாளர்களோ அதன் திறத்தைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களை நம்பச் செய்வது எப்படி? போல்டனும் வாட்டும் ஒரு புதுமையான உடன்படிக்கையை முன்வைத்தனர். எந்திரத்தின் உறுப்புகளையும் அதை நிறுவும் செலவையும் சுரங்கத்தார் ஏற்க வேண்டும். அதே வேலையைப் பழைய எந்திரம் செய்திருந்தால் எவ்வளவு கரி செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டு, மிச்சப்பட்ட கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் காப்புரிமையாளருக்குக் கொடுத்தால் போதும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, முறை உண்மை. பழைய எந்திரம் 270 டன் கரி எரித்த வேலையைப் புதியது 90 டன்னில் செய்கிறது என்று கொள்வோம். மிச்சம் 180 டன். அதில் மூன்றில் ஒன்றான 60 டன்னின் விலை போல்டனுக்கும் வாட்டுக்கும். எஞ்சிய 120 டன்னின் விலை சுரங்கத்தாருக்கு. சேமிப்பு இல்லையேல் கட்டணமும் இல்லை. விற்பவன் ஆதாயமும் வாங்குபவன் ஆதாயமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன.

இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமாயின் அளவை வேண்டும். அங்கிருந்த பழைய எந்திரங்களைச் சோதித்து ஒப்பீட்டுக்கு அடிப்படை வகுத்தனர். எந்திரம் எத்தனை முறை அசைந்தது என்பதை எண்ணும் கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பொருத்தினர். 1777இல் கார்ன்வாலில் வாட்டின் எந்திரம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் பழைய எந்திரங்கள் பெரும்பாலும் அங்கிருந்து மறைந்தன.

ஆனால் உறவு இனிதாகவே தொடர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிள்சித் தீவில் மேலாகவே வெட்டக் கிடைத்த செம்பு சந்தையில் குவிந்ததால் செம்பின் விலை வீழ்ந்தது. நலிவுற்ற கார்ன்வால் சுரங்கத்தாருக்குப் பழைய எந்திரத்தின் நினைவு மங்கிவிட்டது. மாதந்தோறும் கட்டும் தொகை மட்டுமே கண்முன் நின்றது. வராமற்போன செலவை மனிதர் விரைவில் மறப்பர். கொடுக்கும் பணத்தை மறவார். சிலர் கட்டணத்தை நிறுத்தினர். எட்வர்ட் புல், ஹார்ன்புளோவர் முதலியோர் போட்டி எந்திரங்களை அமைத்தனர். வழக்குகள் மூண்டன. 1799இல் தீர்ப்பு வாட்டின் பக்கம் நின்றது. மறு ஆண்டில் காப்புரிமையே முடிந்துபோயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. கட்டணம் ஒழிந்தது, ஆனால் சிக்கனமும் தளர்ந்தது. அளந்து பார்ப்பவர் விலகியதும் எந்திரங்களின் பராமரிப்புக் குன்றியது. இந்நிலையில், சுரங்கக் கண்காணிப்பாளரான ஜோயல் லீன் 1811இல் ஒரு மாத அறிக்கையைத் தொடங்கினார். எந்தச் சுரங்கம், எந்த எந்திரம், அதைப் பேணும் பொறியாளர் யார், ஒரு புஷல் கரியைக் கொண்டு அது எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயரம் தூக்கியது என்பவற்றை அந்த அறிக்கை எல்லோரும் காண வெளியிட்டது. தொடக்கத்தில் சராசரி சுமார் 170 இலட்சம் பவுண்டு. 1840களின் நடுவில் அது 600 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் ரிச்சர்ட் டிரெவிதிக், ஆர்தர் உல்ஃப் ஆகியோர் உயர் அழுத்த ஆவியைப் பயன்படுத்தினர். சாமுவேல் குரோஸ் என்பவர், உருளையிலிருந்தும் குழாய்களிலிருந்தும் வெப்பம் வெளியேறாதவாறு அவற்றைப் போர்த்தி மூடினார். பெரிய அறிவியல் புதுமை அன்று. ஆயினும் பயன் பெரிது. 1835இல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தில் நடந்த சோதனையில் ஓர் எந்திரம் 1250 இலட்சம் பவுண்டை எட்டியது. தன் பெயர் பட்டியலின் அடியில் வருவதை எந்தப் பொறியாளர்தாம் விரும்புவார்? சட்டத்தால் ஆகாததை வெளிப்படையான ஒப்பீடு செய்துகாட்டியது. அந்த அறிக்கை 1904 வரை வெளிவந்தது.

இங்கே ஒரு தடையையும் எதிர்கொள்ள வேண்டும். 1865இல் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக நாட்டின் மொத்தக் கரிச்செலவு குறையவில்லை. பெருகியே வந்தது என்று எடுத்துக்காட்டினார். ஆவியின் வேலை மலிவானதும் அதைக் கொண்டு செய்யும் தொழில்கள் பெருகின. இது உண்மை. எனவே, ஒரு நிறுவனத்தின் சிக்கனம் அந்நிறுவனத்துக்கு ஆதாயம் தரும். ஆனால் நாட்டின் எரிபொருளைக் காக்க அது ஒன்றே போதும் என்று கருதுவது பிழை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே தெளிவு.

கார்ன்வாலின் பாடம் சுரங்கத்தோடு முடியவில்லை. நியூயார்க் நகரில் 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் மாளிகை 102 மாடிகள் கொண்டது. 2009இல் அதைச் சிக்கனமுள்ளதாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் 6514 சன்னல்களின் கண்ணாடிகளை வீசியெறியாமல், அக்கட்டடத்திலேயே ஒரு பட்டறை வைத்துப் புதுப்பித்தனர். வெப்பமூட்டும் கருவிகளின் பின்புறம் வெப்பத்தைத் திருப்பும் தடுப்புகளை வைத்தனர். இவற்றால் வெப்பம் உட்புகுவதும் வெளியேறுவதும் குறைந்தன. ஆகவே பெரிய குளிரூட்டும் பொறிகளைப் புதிதாக வாங்கும் செலவும் தவிர்ந்தது. ஆற்றல் செலவில் 38 விழுக்காட்டையும், ஆண்டுக்கு 44 இலட்சம் டாலரையும் மிச்சப்படுத்துவதே குறிக்கோள். சேமிப்புக்கு ஒப்பந்த நிறுவனம் உறுதி கொடுத்தது. வாட்டின் பழைய உடன்படிக்கை புது உருவில் வந்ததைப் பாருங்கள்!

நம் நாட்டிலும் 2001இல் ஆற்றல் சேமிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2002இல் அதற்கென ஆற்றல் திறன் செயலகம் அமைந்தது. 2012இல் தொடங்கிய திட்டமொன்றின்படி, பெரிய ஆலைகளுக்குச் சேமிப்பு இலக்கு வகுக்கப்பட்டது. இலக்கை விஞ்சிய ஆலை அதற்குரிய சான்றிதழைப் பெற்று, எட்டாத ஆலைக்கு விற்கலாம். எரிக்காத எரிபொருள் இங்கே விற்பனைப் பண்டமாகவே ஆகிவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? புதிய கருவி மட்டும் சிக்கனத்தைக் கொண்டுவருவதில்லை. அளவை வேண்டும், அளந்ததை மறைக்காமல் வெளியிடும் நேர்மை வேண்டும், ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை நெடுநாள் நிலைப்பதில்லை. மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் மின்சாரத்தை அளக்கும் கருவி ஒன்று சுவரில் இருக்கிறது. அதன் எண்களை மாதந்தோறும் குறித்து, எல்லோரும் காணும் பலகையில் எழுதிவாருங்கள். ஜோயல் லீன் செய்த பணி அதுவே.