ஊரிகத்துக் குடியேற்றமும் இல்லத் தமிழும்

1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் ஆளுகையில் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் வேரூன்றியபின், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் ஊரிகம் முதலிய இடங்களில் குடியேறினர். தொலைவு சிறிதே, ஆயினும் சென்னை மாகாணத்தவர்க்கு மைசூர் அயலரசு. கைக்குழந்தைகளோடு வந்தோர்க்கு வாய்த்தது மூங்கில் தட்டிக் குடிசை வரிசை. அதன் பெயர் ‘லைன்’. இச்சொல் ‘லைனில்’, ‘லைனுக்கு’ எனத் தமிழ் உருபேற்றே வழங்கியது, இலக்கணம் இடம்பெயரவில்லை.

தொழிற்சொற்களை ஆடவரே வீட்டிற்குக் கொணர்ந்தனர் என்பர். இது முழுதும் பொருந்தாது. இரவு ‘ஷிப்ட்’ முடித்தவர் பகலில் உறங்க, ஒற்றை அறையில் குழந்தைகளை அடக்கிவைத்து, அடுப்பெரிக்கும் வேளையையும் மாற்றியமைத்தவள் தாய். ஆதலின் அச்சொல் சுரங்கத்திற்கு உரியதைப் போன்றே அடுக்களைக்கும் உரியது. சொற்பட்டியல் தொகுப்போர் இதனைக் கருதுவது அரிது.

1956இல் மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்டபோதும் தங்கவயல் மைசூரிலேயே நின்றது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம் என்னும் நிலை உறுதிப்பட்டது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று பலர் விடியுமுன் மாரிகுப்பம் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். குடும்பங்கள் தங்கவயலிலேயே வாழ்கின்றன.