ஒப்பந்தத் தொழிலாளர் முறை (அரியலூர், பெரம்பலூர்)

ஒப்பந்தத் தொழிலாளர் முறை என்பது, ஆலை நிர்வாகம் தொழிலாளரைத் தன் ஊதியப் பட்டியலில் சேர்க்காமல், ஒப்பந்ததாரர் வழியே வேலை வாங்கும் ஏற்பாடாகும். சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமென்ட் ஆலைகள் பெருகிய அரியலூர் மாவட்டத்தில், அரசு ஆலை 1979இல் தொடங்கப்பட்டது. கோவிந்தபுரம், ரெட்டிப்பாளையம், தளவாய் முதலிய இடங்களில் தனியார் ஆலைகள் இயங்குகின்றன. இத்தொழிலில் மூட்டை ஏற்றுதல், துப்புரவு போன்றவை பெரிதும் ஒப்பந்தப் பணிகளே. 24 மாதங்களில் 480 நாள்கள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தெளிவானதே. எனினும் ஒப்பந்ததாரர் மாறும்போது, உண்மையான முதலாளி யார் என்பதே வழக்காகிவிடுகிறது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடுவதில்லை என உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. சிமென்ட் ஆலைகளுக்கு அப்பால், பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் 2023இல் உற்பத்தி தொடங்கிய காலணித் தொழில், வேளாண் கூலிவேலைக்கு மாற்றாக மாதச் சம்பள வேலையைக் கொண்டுவந்துள்ளது.