காற்று எழும்பினால் காது போச்சு

அமெரிக்காவில் காட்டு வான்கோழி வேட்டை முக்கால்வாசி காதால நடக்கிற வேட்டை. வசந்தகாலத்தில், விடியக்காலமை, மரக்கொப்பில் நித்திரை கொண்டு எழும்புற சேவல் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கத்தும். வேட்டைக்காரர் ஒரு மரத்தடியில அசையாமல் குந்தியிருந்து பெட்டை மாதிரிக் குரல் குடுப்பார். சேவல் ஏமாந்து கிட்ட வந்தால் வெடி. வராட்டில் வெறுங்கையோட வீடு.

பலத்த காற்று வீசுற நாளில் இந்த ஏற்பாடு முழுக்கக் குழம்பிப்போகும். சேவல் கத்துறது குறையும், கத்தினாலும் தூரத்துக்குக் கேட்காது. பறவைக்கும் அது கெட்ட நாள்தான். வான்கோழிக்கு மோப்பம் பெரிசா இல்லை, கண்ணையும் காதையும் நம்பித்தான் சீவியம். காட்டுக்குள் எல்லா இலையும் ஆடிக்கொண்டிருக்க, நரியின்ர காலடிச் சத்தமும் கேட்காமல் போனால் என்ன செய்யும்? வெளியில வந்து, நாலு பக்கமும் பார்க்கக்கூடிய புல்வெளியில நிற்கும். இல்லாட்டில் காற்றுப் படாத பள்ளத்தில ஒதுங்கும். அனுபவசாலிகள் அண்டைக்குக் காடு முழுக்க அலைய மாட்டினம், அந்த ஒதுக்குப்புறங்களில போய்க் காத்திருப்பினம்.

இந்தக் குரல் குடுக்கிற வித்தை துப்பாக்கியை விடப் பழசு. வான்கோழியின்ர செட்டை எலும்பையே குழலாக்கி, காற்றை உள்ளிழுத்து அதன் குரலை எழுப்ப அமெரிக்கப் பழங்குடியினருக்குத் தெரிந்திருந்தது. 1897இல் ஆர்கன்சாஸைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் மரப்பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். சோக்குக் கட்டி பூசின மூடியைப் பெட்டியின் விளிம்பில உரசினால் பெட்டைக் குரல் வரும். கீச்செண்டு உரத்துக் கேட்கும் என்பதால் காற்று நாளில இண்டைக்கும் கனபேர் எடுக்கிறது இந்த வகைப் பெட்டியைத்தான்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வான்கோழியை அழிச்சவைக்குக் குரலும் தேவைப்படேல்லை, பொறுமையும் தேவைப்படேல்லை. சந்தைக்கு இறைச்சி வேணும், அவ்வளவுதான். தீனி போட்டுக் கூட்டமாகப் பிடிச்சினம், மரத்தில அடைஞ்சிருந்ததுகளைச் சுட்டினம். இன்னொரு பக்கம் காடுகள் வயலாகின. மாசசூசெட்சில் கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் கொல்லப்பட்டது.

சட்டங்கள் பிந்தித்தான் வந்தன. 1900இல் லேசி சட்டம், களவாக வேட்டையாடினதை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்டது. சுடுறவையின்ர காசிலதான் பறவை மீண்டது. கேட்க ஒருமாதிரித்தான் இருக்கு, ஆனால் நடந்தது அதுதான்.

காசு மட்டும் காணாது. பண்ணையில வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில காட்டில விட்டுப் பார்த்தினம், சரிவரேல்லை. எந்தச் சத்தத்துக்கு ஓட வேணும் எண்டு சொல்லிக் குடுக்கத் தாய் இல்லாத குஞ்சுகள் அவை. 1951இல் தென் கரோலைனாவில், நீர்ப்பறவை பிடிக்கப் பாவிச்ச பீரங்கி வலையை வான்கோழிக்குப் பாவிச்சினம். வெடிமருந்து வலையைத் தூக்கி எறிய, உண்மையான காட்டுப் பறவைகளே உயிரோட அகப்பட்டன. அதுகளை வெறுமையான காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1970களில் நியூயோர்க்கிலிருந்து மாசசூசெட்சுக்குப் போனவை வெறும் 37. இண்டைக்கு அதுகளின்ர வாரிசுகள் பொஸ்டன் புறநகர் வீதிகளில தபால்காரரைத் துரத்துதுகள்!

(இடையில ஒண்டு: ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைப் பறவை எண்டு நினைச்சு இதுக்கு ‘கல்கூன்’ எண்டு பேர் வச்சினம். சிங்களத்தில ‘களுக்குமா’ எண்டு வாறதும் அங்கையிருந்துதான். அமெரிக்கப் பறவைக்கு இந்தியத் துறைமுகத்தின் பேர்!)

இப்ப வசந்தகால வேட்டையில பெரும்பாலான மாநிலங்களில் சேவலுக்கு, அல்லது நெஞ்சில தாடி உள்ள பறவைக்கு மட்டும்தான் அனுமதி. தீனி போட்டுச் சுடவும், பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில போடவும் பெரும்பாலான இடங்களில் தடை. ஒலிபெருக்கி இருந்தால் காற்றையும் மீறிக் கூப்பிடலாம்தான். அதுக்கு விடமாட்டினம். காற்று அடிச்சால் மரப்பெட்டியை இன்னும் கொஞ்சம் பலமாக உரசலாம், இல்லாட்டில் பள்ளத்தில குந்தியிருந்து காற்று அடங்கும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.