ஏட்டில் விடுபட்ட வீரம்



போரில் பட்ட வீரனுக்குக் கல் நாட்டுவது நம் முன்னோரின் தொல்வழக்கு. ஏற்ற கல்லைக் காண்பது முதல் அதனை நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்துவது ஈறாகத் தொல்காப்பியனார் இதனை ஆறு துறைகளாக வகுத்துரைத்தார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், 7-ம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தில் நாட்டப்பெற்ற நடுகல் ஒன்றுண்டு. வீரன் பட்டபின் கள்வரைக் கடித்து அவனருகே காத்து நின்ற நாயின் உருவமும் அக்கல்லில் உள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அக்காலத்தவர் மறவாமல் பொறித்து வைத்தனர். நாம் குடியேறி வாழும் இச்சித்தூர்ச் சீமையிலும் பலமனேர், புங்கனூர்ப் பக்கங்களில் பழைய வீரக்கற்கள் பல காணப்படுகின்றன. ஆகவே வீரனை நினைப்பது என்றால் அவன் பெயரையும் செயலையும் தவறின்றி எழுதி வைப்பது என்பதே இந்நிலத்தின் வழக்கம் எனலாம்.

இக்காலத்தில் கல்லுக்குப் பதிலாக ஏடு வந்துவிட்டது. படைவீரன் ஒருவன் என்று சேர்ந்தான், எங்கெங்குப் பணிபுரிந்தான், எப்பதக்கங்களைப் பெற்றான் என்பவற்றை அவனது ஊழியப் பதிவேடு சொல்லும். யான் இரயில்வேயில் எழுத்தர் பணி செய்பவன். பிறருடைய பதிவேடுகளோடு நாள்தோறும் பழகுபவன். ஏடு தானாக எதனையும் அறியாது. கண்டவர் சொல்ல வேண்டும், சொன்னதை ஒருவர் எழுத வேண்டும், எழுதியதை மேலதிகாரி ஒப்பமிட வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் ஒரு மனிதனுடைய வாழ்வின் தலைசிறந்த நாள் ஏட்டில் இல்லாமற் போய்விடும். அவ்வாறு விடுபட்ட ஒரு வீரம் பல ஆண்டுகள் கழித்து எங்ஙனம் ஏட்டில் ஏறிற்று என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், விடுபடாத ஒன்றைப் பார்ப்போம். காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், சென்னை சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையினர். இரண்டாம் உலகப் போரில், 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் நாள், இத்தாலி நாட்டு மிஞ்ஞானோ என்னுமிடத்தில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் தம் வீரரோடு ஈடுபட்டிருந்தார். கண்ணி ஒன்று வெடிக்கப்போவதை உணர்ந்ததும், சில நொடிகளே இருந்த அந்நேரத்தில், தாமே அதன்மேல் பாய்ந்து விழுந்து தம் உயிரைக் கொடுத்துத் தோழரைக் காத்தார். காக்கப்பட்ட தோழர்களே அதற்குச் சாட்சியாயினர். அவ்வாண்டிலேயே ஜார்ஜ் சிலுவை என்னும் உயர்ந்த விருது அவருக்கு அறிவிக்கப்பெற்றது.

ஆனால் தனியே போரிட்டு மடிந்த வீரனுக்கு யார் சாட்சி சொல்வார்? குடகு நாட்டில் 1932-ல் பிறந்த அஜ்ஜமாட போப்பையா தேவையா என்னும் விமானப்படை வீரரின் வரலாறு இதனைக் காட்டும். அவர் 1954-ல் இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, விமானமோட்டப் பயிற்சியளிக்கும் ஆசிரியராகவும் விளங்கியவர். 1965-ம் ஆண்டு பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது பஞ்சாபிலுள்ள ஆதம்பூர் தளத்தில் முதலாம் ஸ்குவாட்ரனில் ஸ்குவாட்ரன் லீடர் பதவியில் இருந்தார். அந்த ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் ஓம் பிரகாஷ் தனேஜா.

செப்டம்பர் 7-ம் நாள் விடியற்காலையில், பகைவரின் பெருந்தளமாகிய சர்கோதாவைத் தாக்க இந்த ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்கள் புறப்பட்டன. தேவையா முதல் வரிசையில் அமர்த்தப்பட்டவரல்லர். யாரேனும் விலக நேர்ந்தால் அவ்விடத்தை நிரப்பக் காத்திருந்தவர். காத்திருந்தவர் அணியோடு சென்றார். தாக்குதல் முடிந்து ஏனையோர் திரும்பினர். தேவையா திரும்பவில்லை. என்ன நேர்ந்தது என்று எவரும் காணவில்லை. காணாமற்போனவர் என்று ஏட்டில் எழுதப்பட்டது. பின்னர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார். அந்த நாளைப் பற்றி அவருடைய பதிவேடு அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை.

இவ்வாறு 14 ஆண்டுகள் சென்றன. 1979-ல் ஜான் ஃபிரிக்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர், 1965-ம் ஆண்டு வான்போரைப் பாகிஸ்தான் தரப்பிலிருந்து விவரித்து ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் அம்ஜத் ஹுசைன் என்னும் பாகிஸ்தான் விமானியின் அனுபவம் கூறப்பட்டிருந்தது. அவர் ஓட்டியது அமெரிக்கா செய்த ஸ்டார்ஃபைட்டர். ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் செல்லவல்லது. மிஸ்டேரோ பிரான்சு நாட்டின் பழைய விமானம். வேகத்தில் அதற்கு ஈடாகாது. திரும்பிச் செல்லும் மிஸ்டேர் ஒன்றை அவர் துரத்திச் சுட்டார். அடிபட்ட அவ்விமானம் ஓடாமல் திரும்பி எதிர்த்து நின்று, அவரது ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டது. விமானம் தம் கட்டுக்கடங்காமற் போகவே, அம்ஜத் ஹுசைன் பாராசூட் உதவியால் குதித்து உயிர் தப்பினார். எதிர்த்து நின்ற இந்தியர் யார் என்பது அவர்க்குத் தெரியாது. ஆயினும் அந்த விடியற்காலைத் தாக்குதலிலிருந்து திரும்பாத மிஸ்டேர் ஒன்றே; அதனை ஓட்டியவர் தேவையா ஒருவரே. ஆகவே கணக்கு ஐயத்திற்கிடமின்றித் தீர்ந்தது.

பழைய ஸ்குவாட்ரன் தலைவர் தனேஜா இதனை அறிந்தபோது படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு இதில் கடமை ஏதும் இல்லை என்று பேசாதிருந்திருக்கலாம். ஆனால் தம்மோடு புறப்பட்டுத் திரும்பாத வீரனின் கணக்கை முடிக்காமல் விட அவர் மனம் ஒப்பவில்லை. இச்செய்தியை விமானப்படைத் தலைமையகத்தின் முன்வைத்து விருதுக்காக வலியுறுத்தினார். 1988-ல், நம் தமிழரான ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்த காலத்தில், தேவையாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது. பரமவீர் சக்கரத்திற்கு அடுத்தபடியாகப் போர்க்களத்தில் அளிக்கப்பெறும் விருது அதுவே. வீரன் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின் ஏடு திருத்தப்பட்டது.

இவ்வரலாற்றில் சிந்திக்கத்தக்கவை இரண்டு. பகைவனின் வாக்கே இங்குச் சாட்சியாயிற்று என்பது ஒன்று. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, தோற்று வடக்கிருந்த சேரன் நின்னினும் நல்லவன் அன்றோ என்னும் கருத்துப்படப் பாடிய வெண்ணிக் குயத்தியாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. எதிரியின் வீரத்தை மறைக்காமல் உரைப்பது வீரர்க்கு இயல்பே. மற்றொன்று, சாட்சி கிடைத்தாலும் அதனை எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும் என்பது. நூல் வெளிவந்தது 1979-ல். விருது வந்தது 1988-ல். இடைப்பட்ட 9 ஆண்டுகளைக் கடக்கச் செய்தது ஒருவருடைய விடாமுயற்சியே ஆகும்.

தேவையா அதிகாரி, அவர் பொருட்டுப் பேச மற்றோர் அதிகாரி இருந்தார். சாதாரணச் சிப்பாய்களின் நிலையை எண்ணினால் நெஞ்சம் கனக்கும். வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்று பொறித்துள்ளனர். எண்ணிக்கை உண்டு, அந்த 14 பேர் யாவர் என்பது அக்கல்லில் இல்லை. ஈராக் நாட்டுப் பாஸ்ரா நினைவகத்தில் வெள்ளைச் சிப்பாய்களும் இந்திய அதிகாரிகளும் பெயரோடு பொறிக்கப்பட, இந்தியச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். அம்முனையில் நம் சென்னை சாப்பர்ஸும் பாலங்கட்டிப் போர்புரிந்தவரே. போரில் இறந்தோரின் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம், 2021-ம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இக்குறையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் மடிந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரருள் 45,000 முதல் 54,000 பேர் வரை ஏனையோர்க்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. நூறாண்டு கடந்தபின் அப்பெயர்களைத் தேடுவது கடலில் போட்ட ஊசியைத் தேடுவது போன்றதே. எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்த பெயர்ப்பொறிப்பு பாஸ்ராவில் மடிந்த நம் பாட்டனுக்குக் கிடைக்கவில்லை!

இதனை ஈண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. சித்தூர் மாவட்டம் 1911-ல் அமைவதற்கு முன் இப்பகுதியின் பெரும்பங்கு வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. வட ஆர்க்காடோ தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் தந்த சீமை. நம் காலனிக் குடும்பங்களிலும் பாட்டனாரோ, தந்தையாரோ, மாமனாரோ படையில் இருந்தவர்கள் உண்டு. அவர்களுடைய பதிவேடு நிறைவாக உள்ளதா என்று அவர்கள் வாழும்போதே பார்த்துவிட வேண்டும்.

விருதுகள் இருவகைப்படும் என்பதை முதலில் அறிய வேண்டும். வீரச்செயலுக்காக அளிக்கப்பெறுவது ஒருவகை. இதற்கு மேலதிகாரியின் பரிந்துரையும் செயலின் விவரமும் வேண்டும். காலங்கடந்து இதனைப் பெறுவது மிக அரிது. தேவையாவின் வரலாறு அந்த அரிய விதிவிலக்குகளுள் ஒன்று. மற்றொரு வகை, குறித்த போரில் குறித்த இடத்தில் பணிபுரிந்தமைக்காக உரிமையாக வருவது. 1965-ம் ஆண்டுப் போருக்கு ஸமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா பதக்கமும், 1971-ம் ஆண்டுப் போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டாரும் மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டாரும், அவற்றோடு சங்கிராம் பதக்கமும் இவ்வகையின. நம் குடும்பங்களில் விடுபட்டிருக்கக் கூடியவை பெரும்பாலும் இவையே. இவற்றைக் கேட்பது இரப்பதாகாது; உரியதை உரியவர் கேட்பதே ஆகும்.

வழி எளியது. முதியவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, படை எண், பதவி, பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பதக்கங்கள் எழுதிய பக்கத்தை அவர் பணிபுரிந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. பெயரெழுத்தையும் கவனிக்க: நம் பக்கத்தில் செங்கல்வராயன் ஓரிடத்தில் செங்கல்ராயுடு ஆவதும், முனுசாமி முனஸ்வாமி ஆவதும் வழக்கமே. ஏடு இரண்டு பெயரையும் இரண்டு மனிதராகவே கருதும். குறை இருப்பின் அந்தந்தப் படைப்பிரிவின் பதிவேட்டு அலுவலகத்திற்கு எண்ணைக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெல்லிங்டனிலும், மெட்ராஸ் பொறியாளர் படைக்குப் பெங்களூரிலும் அவ்வலுவலகங்கள் உள்ளன. மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் துணைசெய்யும். விண்ணப்பத்தின் பிரதியையும் அஞ்சல் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். நியாயம் கிடைக்காதபோது அணுகுவதற்கென 2007-ம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைந்துள்ளது. சென்னையிலும் அதன் கிளை உண்டு.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. முதியவரோடு அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்க. எந்த ஊரில் இருந்தார், எந்த ஆற்றைக் கடந்தார், உடனிருந்தவர் யார் என்பவை நாளை சாட்சியாகக் கூடும். தேவையாவுக்கு ஒரு நூலும் ஒரு தனேஜாவும் வாய்த்தனர். நம் வீட்டு முதியவருக்கு நாமே வாய்க்க வேண்டும்.

பதக்கத்தின் பொருள்மதிப்பு சில ரூபாய்க்கு மேற்படாது. ஆனால் அதன் விளிம்பில் வீரனின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். நம் முன்னோர் கல்லில் பொறித்ததும் அதே பெயரைத்தான். பேரனின் கையில் அது சேரும்போது, தன் பாட்டன் இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் நாட்டுக்காக நின்றான் என்பதை அவன் ஐயமின்றி அறிவான். அலர்மேல்மங்கைத் தாயார் அருளால் இச்சங்கத்துக் குடும்பங்களில் விடுபட்ட பெயர் ஒன்றேனும் இவ்வாண்டில் ஏட்டில் ஏறுமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை எய்தியவனாவேன்.

வாழ்க வீரர் புகழ்! வளர்க நம் சங்கம்!